ரஹ்மத்தின் மூக்கும் பெரிய டாக்டரின் பேசினும்

"எல்லாம் இந்தப் பிள்ளை மூக்குலதான் இருந்திருக்கு" என்றார் பெரிய டாக்டர்.

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்த அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் எங்கள் நர்சிங் கல்லூரி பிரின்சிபாலும் நானும். ரஹ்மத்துக்கு மட்டும் நாற்காலி இல்லை. வெள்ளை யூனிஃபார்மில், தலைத்துணியை இறுக்கிச் செருகிக்கொண்டு கதவோரம் நின்றாள். டாக்டர் சொன்னதும் அவள் கை தானாக மேலே போய் மூக்கை மூடியது. வார்டுக்குள் முகத்தைத் தொடக் கூடாது என்று நான் வகுப்பில் கத்துவது ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கை இறங்கியதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வாய் தெரியும். "கொஞ்சம் சாந்தமாக எழுதக் கூடாதா அம்மா" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சாந்தமாக எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வாரம் நிச்சயமாக என்னால் முடியாது.

விஷயம் இதுதான். சங்கரன்கோவிலில் பெரிய டாக்டருக்குச் சொந்தமான ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். எங்கள் மாணவிகள் அங்கேதான் வார்டுப் பயிற்சிக்குப் போவார்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் ஒருவர் பின் ஒருவராகத் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்க ஆரம்பித்தது. யாரால் வந்தது என்று தேடினார்கள். டாக்டர்களிடம் தேடவில்லை, ஆஸ்பத்திரி நர்சுகளிடம் தேடவில்லை. எங்கள் மாணவிகளை மட்டும் வரிசையில் நிறுத்தி, மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ரஹ்மத்தின் மூக்கில் ஒரு கிருமி இருந்தது. விசாரணை அத்தோடு முடிந்தது.

"மன்னிப்புக் கேட்டுட்டு டிரெய்னிங்கை நிறுத்திக்கிடட்டும். நான் போலீஸ், கேஸுன்னு போகலை. அதுவே பெரிசு" என்றார் டாக்டர்.

டிரெய்னிங்கை நிறுத்துவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். வார்டுப் பயிற்சி இல்லாமல் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பரீட்சை இல்லை என்றால் வருஷம் போயிற்று. ரஹ்மத்துக்கு வருஷம் மட்டும் போகாது. அவள் கடையநல்லூர்க்காரி. வாப்பா சவுதியில் ஒரு கம்பெனி மெஸ்ஸில் சமைக்கிறார். "நர்ஸ் படிப்பு எதுக்கு" என்று சொந்தக்காரர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தபோது, "எம்பிள்ளை படிக்கட்டும்" என்று அங்கிருந்தே போனில் சண்டை போட்டுச் சேர்த்துவிட்டவர். ஒரு வருஷம் நின்றால் நிக்காஹ் பேசி முடித்துவிடுவார்கள். அதற்கும் ஒருத்தர் வேண்டுமே, 'ஆஸ்பத்திரியில் நோய் பரப்பிய பிள்ளை' என்று தெரிந்தும் பேச வருவதற்கு!

யார் மூக்கில் இல்லை?

அந்தக் கிருமியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பாதி ஊர் மூக்கில் குடியிருக்கிற கிருமி. சண்டை சச்சரவு இல்லாமல் இருந்துவிட்டுப் போகும். உங்கள் மூக்கில் இருக்கலாம். என் மூக்கில் இருக்கலாம். காலையில் பால் ஊற்றுகிறவர் மூக்கில், கோவிலில் விபூதி கொடுப்பவர் மூக்கில், பஸ் கண்டக்டர் மூக்கில் இருக்கலாம். இருக்கிறது என்பது வேறு, அதனால்தான் இன்னொருவருக்கு வந்தது என்பது வேறு. முதல் வருஷ மாணவிக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும்.

"ஸார், உங்க மூக்குலயும் எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

மேசைக்கு அடியில் பிரின்சிபால் என் காலை மிதித்தார்.

நான் விடவில்லை. "மாடத்தி காயத்துல வர்ற சீழ் பச்சையா இருக்கு ஸார். ஒரு மாதிரி இனிப்பு வாடை அடிக்கி. மூக்குல இருக்கற கிருமி அப்படிச் சீழ் வைக்காது. இது ஈரத்துல வளர்ற கிருமி. பைப்பு, வாளி, நனைஞ்ச துணி, அங்கனதான் இருக்கும். சீழை எடுத்துக் கல்சருக்கு அனுப்புங்க, தெரிஞ்சிரும்."

"நீங்க எனக்குப் பாடம் எடுக்கீங்களோ?"

"இல்ல ஸார். உங்க வார்டைப் பத்திச் சொல்லுதேன்."

பிரின்சிபாலின் செருப்பு மறுபடியும் என் காலைத் தேடியது. இந்த முறை காலை முன்னாலேயே இழுத்துக்கொண்டேன்.

மாடத்தியின் தறி

மாடத்தி யார் என்று சொல்ல வேண்டும். விசைத்தறி ஓட்டுகிறவள். நாற்பது வயதைத் தாண்டியவள். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. "தண்ணி குடு" என்று கேட்டால் கீழ்த்தளத்தில் பில் போடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். கர்ப்பப்பையை எடுக்கிற ஆபரேஷனுக்கு வந்திருந்தாள்.

கிருமி உடம்புக்குள் போனதும் தண்டோரா போடாது. முதலில் பதுங்கும். ஆள் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். மாடத்தியும் அப்படித்தான் இருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள், இட்லி சாப்பிட்டாள், பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகளைப் பற்றிக் கருத்துச் சொன்னாள். பிறகு ஒரு நாள் காலையில் சாப்பாடு வேண்டாம் என்றாள். உடம்பு வலிக்கிறது, என்னமோ மாதிரி இருக்கிறது என்றாள்.

அன்றைக்கு அவளுக்குக் கட்டுப் பிரித்தது ரஹ்மத். தையல் ஓரம் சிவந்திருந்தது. பக்கத்தில் கையுறை போட்ட விரலை வைத்தாள். சுட்டது. நேராக ராஜாத்தி சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். ராஜாத்திதான் அந்த வார்டுக்குப் பொறுப்பு.

"தையல் போட்டா அப்படித்தாம்ட்டி இருக்கும். போயி டெம்பரேச்சர் பாரு" என்றாளாம் ராஜாத்தி.

அடுத்து வீங்கியது. பிறகு தையல் இடுக்கில் பச்சையாகக் கசிந்தது. குளிர் ஜுரம் வந்து கட்டில் ஆடியது. அதற்கும் பிறகு அவள் பேச்சு குழம்பியது. மேலே ஓடுகிற ஃபேனைக் காட்டி, "தறியை நிப்பாட்டுங்கடி, நூலு அறுந்து போச்சு" என்று கத்தினாள். காயத்தில் இருந்த கிருமி ரத்தத்துக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆம்புலன்ஸ் வைத்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பிழைப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் அவள் புருஷன் வண்டிக்குள் ஏறியதை நான் பார்த்தேன்.

வீட்டில் தீப்பிடித்ததை முதலில் பார்த்துக் கத்தியவள் ரஹ்மத். கடைசியில் தீ வைத்தவள் என்று பெயர் வாங்கியவளும் அவளே.

நெற்றியில் இருந்த மண்

ரஹ்மத்துக்கு முன்னால் இன்னொரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார்கள். அது புற்றுமண்.

எங்கள் ஊர்க் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். தோலில் ஏதாவது வந்தால் பூசுவார்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தில் பாதிப் பேர் முந்தானையில் ஒரு துண்டு முடிந்துகொண்டுதான் பஸ் ஏறுவார்கள். மாடத்தியின் புருஷனும் ஒரு சிட்டிகை கொண்டுவந்து அவள் நெற்றியில் இட்டிருந்தான்.

"கண்ட மண்ணையும் பூசினா சீழ் பிடிக்காம என்ன செய்யும்?" என்று பெரிய டாக்டர் அவனை வார்டு நடுவில் நிறுத்திக் கத்தினார். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

நான் மண்ணுக்கு வக்கீல் இல்லை. திறந்த புண்ணில் மண் பூசிக்கொண்டு வருகிறவர்களை நான் திட்டாத திட்டு இல்லை. மண்ணில் ரணஜன்னிக் கிருமி, அதாவது டெட்டனஸ் கிருமி, உண்டு. சாமி மண், சாதா மண் என்று அது பார்ப்பதில்லை. ஆனால் மாடத்திக்கு மண் இருந்தது நெற்றியில். காயம் இருந்தது அடிவயிற்றில், கட்டுக்கு உள்ளே. நெற்றியிலிருந்து இறங்கி நடந்து போய்க் கட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே போக அந்த மண்ணுக்குக் கால் முளைத்ததா? பக்கத்துப் படுக்கைக்காரிக்கும் சீழ் பிடித்ததே, அவள் சர்ச்சுக்குப் போகிறவள் ஆயிற்றே?

மண்ணால் என்று சொல்லி ஒப்பேற்ற முடியவில்லை. அப்புறம்தான் மாணவிகளின் மூக்குப் பக்கம் வந்தார்கள்.

கிருமிக்காவது பதுங்கியிருக்கிற காலம் என்று ஒன்று உண்டு. பழிக்கு அது கூடக் கிடையாது. மத்தியானம் டாக்டர் அறையில் சொன்னது சாயங்காலம் டீக்கடைக்கு வந்துவிட்டது. "அந்தக் கடையநல்லூர்ப் பிள்ளையாலதானாம்" என்று வார்டு வாசலில் ஒருத்தி சொல்வதை என் காதால் கேட்டேன். வாசுதேவநல்லூர்ப் பிள்ளை, சிவகிரிப் பிள்ளை என்று மற்றவர்களை யாரும் ஊர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடையநல்லூர் என்று சொல்லும்போது அந்த வாய் எதைச் சொல்லாமல் சொன்னது என்று புரியாத அளவுக்கு நான் வெளியூர்க்காரி இல்லை.

பேசின் ஊர்வலம்

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது சாமி சப்பரம் வருவதைப் போல இருக்கும். முன்னால் ராஜாத்தி சிஸ்டர். நடுவில் டாக்டர். பின்னால் சின்ன டாக்டர்கள். அவருக்கு இடது பக்கத்தில், ஒரு அடி தள்ளி, ஒரு மாணவி. அவள் கையில் வெள்ளை எனாமல் பேசின். அதில் மருந்து கலந்து பால் மாதிரி வெளுத்த லோஷன் தண்ணீர். அவள் தோளில் ஒரு பூத்துவாலை.

டாக்டர் முதல் படுக்கையில் கட்டைத் திறப்பார். வெறும் கைதான். "கிளவுஸ் போட்டா விரலுக்குச் சூடு தெரியாது" என்பது அவர் கட்சி. காயத்தின் ஓரத்தை அழுத்திப் பார்ப்பார். பார்த்ததும் திரும்பாமலேயே இடது பக்கம் கையை நீட்டுவார். பேசின் அங்கே இருக்கும். விரல்களை முக்கி ஒரு அலசு. துவாலை வரும். ஒரு துடைப்பு. அடுத்த படுக்கை. மறுபடியும் காயம், பேசின், துவாலை. வார்டு முடியும் வரை அதே தண்ணீர், அதே துவாலை.

முதல் காயத்தில் இருந்தது தண்ணீருக்கு வரும். தண்ணீரில் இருந்தது துவாலைக்கு வரும். ஈரத் துவாலையில் இருந்தது கைக்கு வரும். கை அடுத்தவர் வயிற்றில் திறந்திருக்கிற காயத்துக்குப் போகும். நான் கரும்பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி போட்டுச் சொல்லித்தருகிற பாடம் முழுவதும் அங்கே நடந்து போய்க்கொண்டிருந்தது. அந்த லோஷனில் விரலைத் தொட்டு எடுத்தால் கிருமி சாகாது. அது வேலை செய்ய நேரம் வேண்டும். அழுக்கும் சீழும் கலந்துவிட்டால் அந்த மருந்தே நீர்த்துப் போகும். நீர்த்த மருந்துத் தண்ணீரில் உட்கார்ந்து குடும்பம் நடத்துகிற கிருமிகள் உண்டு. பச்சைச் சீழ் வைக்கிற கிருமி அந்த ஜாதி.

ஏன் இப்படி? வார்டின் கடைசியில் ஒரு குழாய் இருக்கிறது. நல்ல தண்ணீர் வருகிறது. பெரிய டாக்டர் குழாயடிக்கு நடந்து போவதா? அதுதான் காரணம். பந்தியில் மாப்பிள்ளைக்குக் கை கழுவச் செம்பு கொண்டுவருவது போல அவர் கைக்குத் தண்ணீர் தேடி வர வேண்டும். அது மரியாதை. பேசின் பிடிக்கிற மாணவிக்கும் அது பெருமை. நன்றாக வேலை செய்கிற பிள்ளையைத்தான் ராஜாத்தி பேசின் பிடிக்கக் கூப்பிடுவாள்.

கொரோனா வந்தபோது அந்தப் பேசின் காணாமல் போனது. ஒவ்வொரு கட்டிலிலும் கைக்குப் பூசுகிற மருந்து பாட்டில் தொங்கியது. ஊரே எங்களுக்குக் கைதட்டியது. கைதட்டிய கையோடு என் வீட்டுக்காரர், அதாவது வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர், "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வாரீங்க, வேற வீடு பாத்துக்கிடுங்க" என்றார். அந்தக் கதையை முன்பே எழுதிவிட்டேன். கொரோனா போனது. பாட்டில் காலியானது. நிரப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பேசின் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டது.

பேசின் வேண்டாம் என்று ராஜாத்தியிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். "எனக்குத் தெரியாதா மேடம்? அவர்ட்ட யாரு போய்ச் சொல்ல? நான் புள்ளகுட்டிக்காரி" என்பாள். டாக்டரிடமே ஒரு முறை சொன்னேன். "உங்க காலேஜ் பாடத்தை உங்க காலேஜ்ல வச்சுக்கிடுங்க" என்றார்.

சரி, அப்படியே ஆகட்டும் என்று இந்த முறை முடிவு செய்தேன். காலேஜிலேயே வைத்துக்கொண்டேன்.

சொட்டு நீலம்

டாக்டர் அறையில் நடந்ததற்கு மறுநாள் ரஹ்மத் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் இரண்டு இடம் காலி. மூன்றாம் வருஷம் நர்சிங் படிக்கிற பிள்ளைகள்! எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

"எல்லாரும் எந்திரிங்க. செய்முறை அறைக்கு வாங்க" என்றேன்.

நான்கைந்து பிள்ளைகளைக் கட்டிலில் படுக்க வைத்தேன். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு வெள்ளைக் கட்டு. முதல் படுக்கைக்காரியின் கட்டின் மேல் மட்டும் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைத் தாராளமாக ஊற்றினேன். ஒரு பேசினில் லோஷன் தண்ணீர். ஒரு வெள்ளைத் துவாலை.

பெரிய டாக்டராக யார் நடிக்கிறீர்கள் என்று கேட்டதும் இசக்கி துள்ளிக்கொண்டு வந்தாள். வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். துப்பட்டாவைச் சுருட்டி வயிற்றில் செருகித் தொப்பை வைத்துக்கொண்டாள். தொண்டையைச் செருமினாள். அச்சு அசல் அவரேதான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பேசின் யாரு?"

யாரும் சொல்லாமலே ரஹ்மத் போய்ப் பேசினை எடுத்தாள். பழக்கம்.

இசக்கி முதல் கட்டைத் தொட்டாள். விரலெல்லாம் நீலம். பேசினில் முக்கினாள். வெள்ளைத் தண்ணீரில் நீலம் கோடு கோடாக இறங்கியது. துவாலையில் துடைத்தாள். இரண்டாவது கட்டின் மேல் நீலம். மூன்றாவது கட்டின் மேல் நீலம். போகப் போகத் தண்ணீர் முழுக்க நீலமாகிவிட்டது. துவாலையில் வெள்ளையே தெரியவில்லை. கடைசிப் படுக்கைக்கு வந்தபோது சிரிப்பு நின்றிருந்தது. அந்தப் பிள்ளையின் வெள்ளைக் கட்டின் மேல் இசக்கி கையை வைக்கவில்லை. அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வை" என்றேன். வைத்தாள்.

முதல் வரிசையில் நின்றிருந்த ஒருத்தி "யம்மா" என்றாள்.

ரஹ்மத் பேசினைக் கீழே வைக்கவில்லை. அவள் சட்டைக் கையிலும் நீலம் தெறித்திருந்தது.

"மேம்" என்றாள். "மாடத்தியக்காவுக்குக் கட்டைப் பிரிச்சுப் பாத்தாரே டாக்டர், அன்னைக்குப் பேசினைப் பிடிச்சது நாந்தான். அதுக்கு முந்தின பெட்டுல ஒரு ஆளுக்கு ஏற்கனவே சீழ் இருந்துச்சு. அதைத் தொட்டுட்டுத்தான் வந்தாரு. அப்போ, நாந்தான குடுத்திருக்கேன்?"

அவளை மூக்குக்காரி என்று சொன்னபோது அழாத பிள்ளை அப்போது அழுதாள். இசக்கி நீலக் கையோடு போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு யூனிஃபார்மும் பாழ்.

ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் வாயில் வேறு வார்த்தை வந்தது. "நாளைக்கு ரவுண்ட்ஸுக்குப் பேசினை நான் பிடிக்கிறேன்" என்றேன்.

காலிப் பேசின்

காலையில் ராஜாத்தி என்னைப் பார்த்துப் பதறினாள். "மேடம், நீங்க போயி பேசின் பிடிக்கதா? நல்லாவா இருக்கும்?"

"குடு ராஜாத்தி."

வாங்கிக்கொண்டு போய் வார்டின் கடைசியில் உள்ள குழாயடியில் தண்ணீரைக் கொட்டினேன். துவாலையை அழுக்குக் கூடையில் போட்டேன். வெறும் பேசினைத் தூக்கிக்கொண்டு அவருக்கு இடது பக்கம், ஒரு அடி தள்ளி நின்றேன். என் வயதில் ஒரு பொம்பளை பேசின் பிடித்து நிற்பதை அவர் கவனிக்கக்கூட இல்லை. பேசின் பிடிக்கிற கைக்கு முகம் எதற்கு?

முதல் படுக்கை. கட்டைத் திறந்தார். காயத்தின் ஓரத்தை அழுத்தினார். திரும்பாமலேயே கையை நீட்டினார். காலிப் பேசினுக்குள் விரல்களை விட்டார். அலசினார். ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், காற்றில் அலசினார். துவாலைக்குக் கையை நீட்டினார். துவாலை வரவில்லை. கையை ஒரு உதறு உதறிவிட்டு இரண்டாவது படுக்கைக்குத் திரும்பினார்.

அத்தனை வருஷமும் அந்தக் கை கழுவப்படவே இல்லை என்பது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் முழுதாக உறைத்தது. தண்ணீர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பேசினை அவருக்கும் படுக்கைக்கும் நடுவில் நீட்டினேன். "ஸார், இதுல தண்ணி இல்ல."

குனிந்து பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க தண்ணி?"

"பைப்புல இருக்கு ஸார்."

வார்டு முழுக்க எங்களையே பார்த்தது. இரண்டாவது படுக்கையில் இருந்தவர் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார். பெரிய டாக்டரின் காது சிவந்தது. குழாயடி பத்துப் பன்னிரண்டு எட்டில்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் போனார். ரவுண்ட்ஸ் அன்றைக்கு அத்தோடு நின்றது.

நான் காலேஜ் வந்து சேர்வதற்குள் பிரின்சிபாலுக்குப் போன் வந்துவிட்டது. உங்கள் காலேஜ் பிள்ளைகள் ஒருத்தியும் என் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்றாராம்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு பிள்ளைக்குப் பாத்து எல்லாப் பிள்ளைங்க டிரெய்னிங்கும் போச்சுல்லா" என்று தலையில் கை வைத்தார் பிரின்சிபால். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் ஒன்றை அவரும் மறந்திருந்தார், டாக்டரும் மறந்திருந்தார். அந்த வார்டில் படுக்கை விரிப்பது யார்? ஜுரம் பார்ப்பது யார்? நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, சலைன் தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பது, கட்டுப் பிரிப்பது, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவது யார்? பயிற்சி என்ற பெயரில் சம்பளமில்லாமல் ஓடுகிற எங்கள் பிள்ளைகள். அந்த வாரம் முடிவதற்குள் ராஜாத்தி எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், பிள்ளைங்கள அனுப்புங்க. என்னால முடியல. டாக்டரும் சரின்னுட்டாரு."

"ரஹ்மத்தும் வருவா. அவ வந்தா எல்லாரும் வருவாங்க. இல்லன்னா யாரும் இல்ல."

"வரட்டும் மேடம்" என்றாள்.

ரிப்பன்

நாங்கள் திரும்பிப் போனபோது வார்டு வாசலில் பளபளவென்று புதிய வாஷ்பேசின். முழங்கையால் தட்டித் திறக்கிற குழாய். பக்கத்தில் சோப்பு மருந்து, ஒரு முறை துடைத்துப் போடுகிற தாள். மேலே ஃபிளெக்ஸ். அதில் பெரிய டாக்டர் கைகழுவிக்கொண்டே சிரிக்கிறார். உயிர் காக்கும் கைகழுவும் திட்டம் என்று எழுதியிருந்தது. ரிப்பன் வெட்டித் திறந்தார்களாம். வெட்டிய ரிப்பனின் மிச்சம் குழாயில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஈரத்தில் நனைந்துகொண்டு. நான்தான் அவிழ்த்துக் குப்பையில் போட்டேன்.

எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. பேசின் போயிற்று. அதன் பிறகு பச்சைச் சீழ் வரவில்லை. ஆனால் "அந்தப் பிள்ளை மேல் சொன்னது தப்பு" என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை. பிரின்சிபால், "அதான் திரும்ப எடுத்துக்கிட்டாங்கல்லா, விடுங்க மேடம்" என்றார். பேசினை எடுத்த வேகத்தில் பழியையும் எடுத்திருக்கலாமே? அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது, அதனால் எடுக்கவில்லை.

வார்டில் சில நோயாளிகள் ரஹ்மத் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் தன் பேரப்பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரஹ்மத் முழங்கை வரை கை கழுவிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அவள் கை கழுவுகிற அழகைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். யாருக்காக இவ்வளவு கழுவுகிறாள்?

இப்படி இருக்கையில் மாடத்தி திரும்பி வந்தாள்.

திருநெல்வேலியில் வெகு நாள் கிடந்து பிழைத்து, பாதி உடம்பாக வந்தாள். காயம் இன்னும் முழுதாக மூடவில்லை. தினமும் கட்ட வேண்டும். நடக்கும்போது புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டாள். உடம்புதான் பாதியாகியிருந்தது, குரல் அப்படியே இருந்தது.

அன்று ரவுண்ட்ஸ் நேரம். பெரிய டாக்டர் வாசலில் புதிய குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். ரஹ்மத் கட்டுப்போடும் தட்டோடு மாடத்தியின் கட்டிலுக்குப் போனாள். நான் தடுப்புத் துணிக்குப் பக்கத்தில் நின்றேன்.

மாடத்தி அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, நீதான அது? உன் மூக்குலேருந்துதான் எனக்குச் சீழு வந்துச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க?"

இல்லை என்று சொல், இல்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ரஹ்மத் தட்டைக் கட்டிலோரம் வைத்தாள்.

"மூக்குலேருந்து இல்லக்கா" என்றாள். "டாக்டர் கை முக்குத பேசின்ல இருந்து வந்திருக்கு. முந்தின பெட்டுல தொட்ட அதே தண்ணி. ஆனா அந்தப் பேசினைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நாந்தான்."

மாடத்தி, நூல் எங்கே அறுந்தது என்று தறியில் தேடுகிறவள் மாதிரி யோசித்தாள். பிறகு, அவளுக்குத் தெரிந்த ஒரே குரலில், கீழ்த்தளம் வரை கேட்கிற குரலில் கேட்டாள்.

"பிடிச்சது நீ. சரி. அதுக்குள்ள கையை விட்டது யாருட்டி?"

ரஹ்மத் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். காயம் சிவப்பாக, சுத்தமாக இருந்தது.

பெரிய டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயடியிலேயே நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ரஹ்மத் புதுக் கட்டைக் கட்டி முடித்த பிறகும் குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.